பழ ஈயின் விந்து: ஒரு திருத்தம், ஒரு பந்தல்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் மாணவர் பக்கத்தில், பழ ஈயின் விந்து, அதாவது ஒரு தனி விந்துக் கலம் (செல்), அதன் உடலைவிட 20 மடங்கு நீளமானது என்று ஒரு துணுக்குப் போட்டிருந்தீர்கள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற என் பேத்தி அதைக் கத்தரித்துக்கொண்டு குசினிக்கே வந்துவிட்டாள். "அம்மம்மா, நம்மட கதலிக் குலையச் சுத்துற ஈக்குமா இவ்வளவு நீளம்?"

"இல்ல புள்ள" என்றேன். நீங்கள் சொன்னது மெக்சிக்கோப் பக்கத்தில் இருக்கும் துரொசோபிலா பைபர்க்கா என்ற இனம். 3 மில்லிமீற்றர் ஈக்கு 58 மில்லிமீற்றர் விந்து, நூற்பந்து போலச் சுருட்டி வைத்திருக்கும். 1995இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆய்வுகூடங்களில் வளர்க்கிற மெலனோகாஸ்டர் இனத்தின் விந்து 1.9 மில்லிமீற்றர் அளவுதான். அதுவும் குறைவில்லை. ஈயின் உடலில் முக்கால் பங்கு! மனித விந்து 0.05 மில்லிமீற்றர்தான்.

திருத்தம் அவ்வளவுதான். ஆனால் நீளத்தை மட்டும் போட்டு, அந்த நீளம் எப்படி வந்தது என்பதை விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் குறை. 'விந்து' என்ற சொல்லைக் கண்டதும் "இத வீட்ட பாருங்க" என்று பக்கத்தைப் புரட்டுகிற ஆசிரியர்கள் வகுப்பில் போதும். பத்திரிகையுமா?

நான் படிப்பித்த காலத்தில் பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியின் விளக்கு எரியாது. யன்னலோரம் வைத்து, கண்ணாடியால் வெயிலைப் பிடித்துத்தான் பார்ப்போம். ஒருநாள் உப்புக்கரைசல் துளியில் ஆண் ஈயொன்றை வைத்து, வயிற்றின் கடைசியை ஊசியால் இழுத்தேன். மஞ்சளாய்ச் சுருண்ட இரண்டு குழாய்கள் வந்தன. அவைதான் விந்தை உண்டாக்குகிற விதைகள். மெல்லிய கண்ணாடி மூடித்துண்டை வைத்து மெல்ல அமத்தியதும் உள்ளிருந்து மயிர்க்கற்றை மாதிரி ஒன்று வழிந்து நெளிந்தது. பிள்ளைகள் "புழு, மிஸ்" என்று கத்தினார்கள். ஒவ்வொரு மயிரும் ஒரு கலம் என்று நம்பவைக்க ஒரு பாடவேளை போயிற்று.

அந்த மயிர் தொடக்கத்தில் ஓர் உருண்டைக் கலம். ஒரு கலம் நான்கு தடவை பிரிந்து 16 ஆகி, பிறகு நிறமூர்த்தங்களைப் பாதியாக்குகிற ஒடுக்கற்பிரிவில் 64 ஆகிறது. முழுக்கப் பிரியாமல் சிறு வளையங்களால் தொடுத்தபடியே இருக்கும். ஒவ்வொன்றிலும் உள்ள, கலத்துக்குச் சக்தி கொடுக்கிற இழைமணிகள் எல்லாம் ஒட்டி இரண்டே இரண்டாகி, வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் அடுக்கடுக்காய் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். இந்த ஒட்டலுக்கு வேண்டிய பரம்பரையலகு (ஜீன்) 1997இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது பழுதானால் வெங்காயம் பிசிறடித்துத் தெரியும் என்பதால், 'பிசிறடித்த வெங்காயங்கள்' என்ற பொருளிலேயே அதற்குப் பெயர் வைத்தார்கள். அதன் உறவுக்காரப் பரம்பரையலகு மனிதரில் பழுதானால் கால் தசைகளை மெலியவைக்கும் ஒரு நரம்பு நோய் வருகிறது. ஈயை ஏன் ஆராய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

பிறகு வெங்காயம் அவிழ்ந்து வால்பக்கமாய் நீளத் தொடங்கும். நீட்டுவது யார்? தியூபியூலின் என்ற புரதத்தால் ஆன நுண்புன்குழாய்கள். அவை இந்த இரண்டு பெரிய இழைமணிகளையும் பிடிமானமாக வைத்துக்கொண்டு வாலை நீட்டுகின்றன. விந்தை நீந்தவைக்கிற நடு அச்சு இல்லாமற்போனாலும் வால் நீளும் என்று 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதேவேளை கலத்தின் நடுவிலுள்ள, பரம்பரையலகுகளை வைத்திருக்கும் கருவின் ஒரு பக்கத்தில் இன்னொரு கூட்டம் நுண்புன்குழாய்கள் வரிசையாய் நிற்க, உருண்டைக் கரு ஒடுங்கி ஊசியாகிறது. ஊசியானதும் அவை கலைந்துவிடும்.

அடுத்த கட்டம்தான் எனக்கு ஆகப் பிடித்தது. அக்தின் என்ற புரத இழைகள் ஒவ்வொரு கருவையும் சுற்றிக் கூம்பாய்த் திரள்கின்றன. 64 கருவுக்கு 64 கூம்பு. எல்லாம் ஒரே வரிசையில் வால்நுனியை நோக்கி நகரும். ஈர நூலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருவினால் தண்ணீர் முன்னால் திரண்டு ஓடுமே, அதே மாதிரி வேண்டாத குழியவுருவையும் (கலத்துக்குள் இருக்கும் கூழ்) கலப்பகுதிகளையும் தள்ளிக்கொண்டு போகும். பின்னால் 64 விந்துகளும் தனித்தனி மென்சவ்வு போர்த்து நிற்கும். தள்ளிய குப்பை நுனியில் ஒரு பையாகச் சேர, கூம்புகளும் அதோடேயே அழிந்துபோகும். வரிசை குலைந்தால் ஆண் ஈ மலடு.

நுண்புன்குழாயும் அக்தினுமாய் இதையெல்லாம் செய்கிற கூட்டைத்தான் நம் பாடநூல்கள் குழியவன்கூடு என்கின்றன. சோதனையில் அப்படியே எழுதட்டும், புள்ளி வேண்டும். ஆனால் 'வன்கூடு' என்றதும் பிள்ளைகள் எலும்புக்கூட்டைத்தான் நினைக்கிறார்கள். எலும்பு ஒரு தடவை வளர்ந்தால் நின்றுவிடும். இது கண்ணகி அம்மன் குளிர்த்தித் திருவிழாவுக்குப் போடுகிற பந்தல் போல. கம்பு நட்டு, கட்டி, காரியம் முடிந்ததும் அவிழ்த்து, அதே கம்பை வேறு வேலைக்குக் கொண்டுபோகிற கூடு. உங்கள் மாணவர் பக்கத்தில் இதற்கு ஒரு படம் போட்டால் எத்தனையோ பிள்ளைகளுக்கு உதவும்.

பேத்தி இப்போது ஜாம் போத்தலில் வாழைப்பழத் துண்டைப் போட்டு, வாயைத் துணியால் கட்டி யன்னலில் வைத்திருக்கிறாள். இந்த வெக்கைக்குப் பத்து நாளுக்குள் புது ஈ வந்துவிடும். திருத்தத்தை அதற்கு முதல் போட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
களுவாஞ்சிகுடி.