அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. மதிப்பெண் பட்டியல் பள்ளி திறந்த முதல் வாரத்தில் கிடைக்கும். குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவர்கள் நன்றாக ஆடினார்கள். கலைத் திருவிழாவிலும் பரிசுகள் வந்தன. அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்புகள் தொடர்கின்றன. குடிநீர்க் குழாய்களும் ஒருவழியாகச் சரிசெய்யப்பட்டுவிட்டன. அனைவருக்கும் பாராட்டுகள்.

இனி நம் பேண்டு வாத்தியக் குழுவைப் பற்றி. இந்தக் கல்வியாண்டில் குழு மூன்று முறை ஊரார் முன்னிலையில் வாசித்தது. ஜூலை 10 வேலூர்ப் புரட்சி நாள், ஆகஸ்டு 15 சுதந்திர நாள், டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். ஜூலை நிகழ்ச்சிக்கு முன் பிள்ளைகளை வேலூருக்கு அழைத்துச் சென்றோம். 1806-இல் கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் புதிய தலைப்பாகையையும், நெற்றிக் குறியும் கடுக்கனும் கூடாது என்ற உத்தரவையும் எதிர்த்து எழுந்தார்கள். திப்புவின் கொடி கோட்டையில் ஏறியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே அதை அடக்கிவிட்டது. 1857-க்கு 51 ஆண்டுகள் முன்பு நம் பக்கத்து ஊரில் நடந்தது இது. அப்படியே லாங்கு பஜார் மணிக்கூண்டையும் காட்டினோம். முதல் உலகப் போருக்கு 'இந்தக் கிராமத்திலிருந்து' 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது அங்குள்ள கல். (வேலூரைக் கிராமம் என்றதில் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.) ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கழித்துப் பார்த்துவிட்டு, "மீதி 263 பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்களா ஐயா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்காகவே பஸ் வாடகை கொடுத்தது தகும் என்று நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் டிசம்பர் 7 மாலை. வந்திருந்தவர்களில் பலருக்கு நடந்தது தெரியும். வராதவர்களுக்காகச் சொல்கிறேன்.

சுற்று வட்டாரத்து முன்னாள் படைவீரர்கள் பதக்கங்களோடு முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். அணிவகுப்பு இசை நன்றாகவே போனது. அடுத்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பியூகிளில் 'லாஸ்ட் போஸ்ட்' வாசித்தாள். பியூகிளில் விசையும் கிடையாது, துளையும் கிடையாது. உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சாலும் மட்டுமே சுரங்களை எடுக்க வேண்டும். அந்தப் பெண் ஜூன் மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் பழகினாள். காவல் இடங்களையெல்லாம் பார்வையிட்டாயிற்று, இன்றைய நாள் முடிந்தது என்று முகாமுக்கு அறிவிக்கும் அழைப்பு அது. பிறகு மறைந்த வீரர்களுக்கு விடை கொடுக்கும் இசையாயிற்று. அதன் பின் இரண்டு நிமிட அமைதி. அது முடிந்ததும் துயிலெழுப்பும் 'ரவுஸ்'. கடைசியில் நாட்டுப்பண். இதுதான் வரிசை.

அமைதி தொடங்கிச் சிறிது நேரத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு கைபேசி சினிமாப் பாட்டோடு ஒலித்தது. சரி, மறதி யாருக்கும் வரும். ஆனால் அவர் அதை எடுத்து, நிகழ்ச்சியில் இருப்பதாகவும் பிறகு பேசுவதாகவும் பதிலும் சொன்னார். அதற்குள் ஒரு பெற்றோர் பக்கவாட்டில் வந்து தம் பிள்ளையைச் சைகை காட்டி அழைத்தார். சித்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு டியூஷனுக்கு நேரமான இருவர். 'ரவுஸ்' முடிந்தபோது வாத்தியக்காரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரைக் காணவில்லை. பெரிய டிரம் அடிக்கும் மாணவனும் போய்விட்டிருந்தான்.

டிரம் இல்லாமல் தாளத்தைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. 52 நொடி ஒலிக்க வேண்டிய நாட்டுப்பண்ணை மிச்சமிருந்த பிள்ளைகள் பயத்தில் விரட்டி வாசித்து முன்கூட்டியே முடித்துவிட்டார்கள். கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்றிருந்த ஒரு முதிய சுபேதாரின் வலக்கை சல்யூட்டிலேயே இருந்தது. எப்போது இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு அவர் யாரையும் குறை சொல்லவில்லை. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த மாணவனிடம், "பெரிய டிரம் எங்கே தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆந்திர எல்லையில் உள்ள கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் குடும்பங்களுக்கு ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று நானும் நின்று பார்த்திருக்கிறேன். கறவை மாடு காத்திருக்கும். கடையைத் திறக்க வேண்டும். நிகழ்ச்சியைத் தாமதமாகத் தொடங்கியது எங்கள் தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். இனி நாட்டுப்பண் முடியும் முன் எந்தப் பிள்ளையையும் வரிசையிலிருந்து அனுப்ப மாட்டேன். யார் வந்து அழைத்தாலும், எவ்வளவு வேண்டியவரானாலும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரே ஆனாலும் இதில் மாற்றமில்லை. முன்கூட்டியே கிளம்ப வேண்டியவர்கள் முதல் நாளே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அன்று அந்தப் பிள்ளைக்குப் பதில் வேறொருவர் வாசிப்பார். கைபேசியை அணைத்து வையுங்கள். படம் எடுப்பவர்கள் முன்வரிசைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டாம். பதக்கம் அணிந்து வந்த பெரியவர்கள் உங்கள் முதுகைப் பார்க்க வரவில்லை.

கோபமாக எழுதிவிட்டேனோ என்று மேலே உள்ளதை மறுபடி படித்துப் பார்த்தேன். எந்த வரியையும் அடித்து நீக்கத் தோன்றவில்லை. ஆனால் ஜூலை 10 அன்று மௌன அஞ்சலியின் நடுவே ஒலித்தது என்னுடைய கைபேசிதான் என்பதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அன்று பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இப்போது மேடைக்குப் போகுமுன் கைபேசியை அலுவலக மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்று, ஒரு ரூபாயும் வாங்காமல் சனிக்கிழமைகளை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பெரியவருக்கு. வாத்தியங்களைத் தம் மினி லாரியில் மூன்று முறையும் ஏற்றிச் சென்ற தந்தைக்கு. வெள்ளைச் சீருடையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து அனுப்பிய தாய்மார்களுக்கு. தமிழ் அவ்வளவாகப் புரியாவிட்டாலும் மூன்று நிகழ்ச்சிகளுக்கும் பேத்தியோடு வந்து கடைசிவரை நின்றிருந்த, எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தாத்தாவுக்கு. டிசம்பர் 7 அன்று கிளம்பியவர்களில் மூன்று பேர் மறுநாளே வந்து வருத்தம் தெரிவித்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

ஜனவரி 26 அன்று காலை 8 மணிக்குக் கொடியேற்றம். வாத்தியக் குழு உடனே வாசிக்கும், 9.30-க்குள் எல்லாம் முடிந்துவிடும். இந்த முறை நாங்கள் தாமதிக்க மாட்டோம். பொங்கல் விடுமுறை நாட்கள் தவிர, ஜனவரியில் எல்லாச் சனிக்கிழமைகளிலும் காலை 9 மணிக்குப் பயிற்சி உண்டு.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: பெரிய டிரம்மின் குச்சி ஒன்று 7-ஆம் தேதி மாலை யாருடைய மிதிவண்டிக் கூடையிலோ போய்விட்டது. பயிற்சி தொடங்கும் முன் அதைக் கொடுத்தனுப்புங்கள். யார் எடுத்துப் போனது என்று கேட்க மாட்டோம்.