தமிழ்வழி வகுப்புகளுக்குத் தமிழ் படிக்கத் தெரிந்த கற்பித்தல் வழிகாட்டிகள் கோரி மனு

அனுப்புநர்:
ஆசிரியர்கள், பெற்றோர்கள்,
மாநகராட்சித் தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகள்,
தாராவி, சயான் கோலிவாடா, மும்பை.

பெறுநர்:
உயர்திரு கல்வி அதிகாரி அவர்கள்,
பிருஹன்மும்பை மாநகராட்சி, மும்பை.

பொருள்: ஜி வடக்கு, எஃப் வடக்கு வார்டுகளில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை கற்பிக்கும் தமிழ்வழி ஆசிரியர்களுக்கு வகுப்பறையிலேயே உடனிருந்து உதவும் வழிகாட்டிகளை அமர்த்த வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 3ஆம் வகுப்பு முடிக்கும் பிள்ளை நிமிடத்துக்கு 60 சொற்களாவது பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்கிறது அடிப்படை எழுத்தறிவுக்காக மத்திய அரசு 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம். ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. அந்த 50 மணி நேரத்தில் ஒரு பகுதியைப் பயிற்சிக் கூடத்திலிருந்து வகுப்பறைக்கு மாற்றித் தாருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

ஏன் வகுப்பறைக்குள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2ஆம் வகுப்புப் பிள்ளை 'தொட்டி' என்பதை 'தெட்டி' என்று வாசிக்கிறது. முன்னால் நிற்கும் கொம்பு கண்ணில் பட்டது, பின்னால் நிற்கும் கால் படவில்லை. பாடத்தை முடிக்கும் அவசரத்தில் ஆசிரியர் தாமே 'தொட்டி' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார். பிள்ளையும் அதைத் திருப்பிச் சொல்கிறது. பார்ப்பவருக்கு வகுப்பு நன்றாகவே நடக்கிறது. அடுத்த வாரம் 'கொக்கு', 'கெக்கு' ஆகிறது. பின்வரிசையில் உட்கார்ந்து இதைக் குறித்துக்கொண்ட வழிகாட்டி, அன்றே ஒரே ஒரு மாற்றம் சொல்லலாம்: பிழை வந்ததும் 3 விநாடி பொறுங்கள், எழுத்தின் இரு பக்கத்தையும் விரலால் காட்டுங்கள், பிள்ளையே திருத்தட்டும், பிறகு வரியை முதலிலிருந்து வாசிக்கட்டும். தேவநாகரியில் ஓகாரக் குறி எழுத்துக்குப் பின்னால் மட்டுமே வரும். ஆகவே தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர், எவ்வளவு திறமைசாலியானாலும், இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது. தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

தென்னாப்பிரிக்காவில் செட்ஸ்வானா தாய்மொழி வாசிப்பை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. ஒரே பாடத்திட்டமும் புத்தகங்களும் கொடுத்துவிட்டு, சில பள்ளிகளின் ஆசிரியர்களைப் பொதுப் பயிற்சிக்கு அழைத்தார்கள். வேறு சில பள்ளிகளின் வகுப்பறைகளுக்கு வழிகாட்டிகளை அனுப்பினார்கள். 2 ஆண்டுகளுக்குப் பின், இரண்டும் கிடைக்காத சாதாரணப் பள்ளிகளைவிட வாசிப்பு முன்னேற்றம் பயிற்சியில் 0.12 திட்டவிலக்கம் (மதிப்பெண் வேறுபாட்டை அளக்கும் புள்ளியியல் அலகு), வழிகாட்டலில் 0.24, அதாவது இரு மடங்கு. பின்னர் ஆங்கிலப் பாடத்தில் டேப்லெட் வழியாகத் தொலைவிலிருந்து வழிகாட்டிப் பார்த்தபோது, நேரில் சென்றவர்கள் தந்த வாசிப்பு முன்னேற்றம் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப் குழு ஒன்று போதும் என்ற யோசனை வந்தால் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம். ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவது பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு அலசலில், ஒரு திட்டத்தில் சேரும் ஆசிரியர் எண்ணிக்கை பெருகப் பெருகப் பலன் குறைவதும் தெரிந்தது. எனவே சிறிதாகவே தொடங்கலாம்.

12 ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி. ஒவ்வொரு வகுப்புக்கும் 2 வாரத்துக்கு ஒருமுறை வருகை. பாடத்துக்கு முன் 10 நிமிடம் பேசி, எதைக் கவனிப்பது என்று ஆசிரியரே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு 30 நிமிடம் கவனிப்பு: ஆசிரியர் சொன்னது, பிள்ளைகள் செய்தது, இவை மட்டுமே எழுதப்படும், மதிப்பெண் கிடையாது. அன்றே 30 நிமிட உரையாடல், அதில் ஒரே ஒரு மாற்றம். பத்து ஆலோசனை சொன்னால் ஒன்றும் நடக்காது. உரையாடலின் கடைசி 10 நிமிடம் ஒத்திகைக்கு: வழிகாட்டி பிள்ளையாக உட்கார்ந்து வேண்டுமென்றே தப்பாக வாசிப்பார், ஆசிரியர் புதிய முறையைச் செய்து பார்ப்பார். கூச்சத்தால் முதலில் கைவிடப்படுவது இதுதான். இதை விட்டால் மற்றதெல்லாம் வெறும் பேச்சு. அந்த நேரத்தில் வகுப்பை யார் பார்த்துக்கொள்வது என்பதைக் கால அட்டவணையிலேயே எழுதிவைக்க வேண்டும்.

எங்களுக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. வழிகாட்டியின் குறிப்பேடு பள்ளிகளை ஆய்வு செய்யும் பீட் ஆபீசரின் ஆய்வறிக்கைக்கோ, ஆசிரியரின் பணியை மதிப்பிடும் ரகசியக் குறிப்புக்கோ போகக் கூடாது. போனால், வருகை நாளன்று ஒப்பிக்க வைத்த பாடம்தான் நடக்கும்; ஆசிரியர் தம் இடர்ப்பாட்டை வாய் திறந்து சொல்ல மாட்டார். வருகைத் தேதிகளும், பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் வாசிக்கிறார்கள் என்று 6 வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கும் அலுவலகத்துக்குப் போதும்.

வழிகாட்டிகளை வெளியே தேட வேண்டியதில்லை. 2016இல் டெல்லி அரசு தன் ஆசிரியர்களிலிருந்தே 200 பேரை இப்படித் தேர்ந்தெடுத்தது. தமிழ்வழியில் தொடக்க வகுப்புகளில் குறைந்தது 5 ஆண்டு கற்பித்தவர்களை 2 ஆண்டுகளுக்கு இப்பணியில் அமர்த்தலாம். ஆனால் அவர்கள் வகுப்புக்கு மாற்று ஆசிரியர் வந்த பிறகே விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பிள்ளைகள் நஷ்டப்படுவார்கள். தேர்தல் வேலை, கணினிப் பதிவு, வராத ஆசிரியருக்குப் பதில் வகுப்பு எடுப்பது ஆகியவற்றை இவர்கள் தலையில் சுமத்தக் கூடாது என்பதும் ஆணையிலேயே இருக்க வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் இரண்டு வார்டுகளிலும் தலா ஒரு வழிகாட்டியையாவது அமர்த்தி உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். நேரில் விளக்க நாள் ஒதுக்கினால், மாதிரிக் கால அட்டவணையுடனும் குறிப்பேட்டுப் படிவத்துடனும் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆசிரியர்கள், பெற்றோர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

இடம்: தாராவி, மும்பை