பாலை மரம் எதைத் தின்று வளர்ந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரணதரப் பெறுபேறு வந்தால் போதும், வன்னியில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடம் இல்லை என்று எல்லாரும் எழுதத் தொடங்கிவிடுவார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் நல்ல ஆசிரியர் இருக்கிற வகுப்பிலும் பிள்ளைகள் உயிரியலைப் பாடமாக்கித்தான் வைத்திருக்கிறார்கள், அதற்குப் புத்தகம் எழுதப்பட்ட விதமும் ஒரு காரணம் என்று யாரும் சொல்லிக் காணவில்லை.

பின்னேரங்களில் அயல் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். பதினோராம் தரப் பிள்ளையிடம் ஒளித்தொகுப்பு என்று சொன்னாலே காபனீரொட்சைட்டு, நீர், பச்சையம், குளுக்கோசு, ஒட்சிசன் என்று மூச்சுவிடாமல் வரும், சமன்பாட்டையும் சமப்படுத்தி எழுதித் தரும். சரி, அந்தா வேலியோரம் நிற்கிற பாலை மரம், தறித்தால் நாலு பேர் சேர்ந்தும் தூக்க ஏலாத கட்டை, அவ்வளவு பாரமும் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் "மண்ணிலிருந்து" என்கிறார்கள். அப்படியென்றால் மரத்தடியில் பெரிய கிடங்கு விழுந்திருக்க வேண்டுமே என்றால் முழிக்கிறார்கள். சமன்பாட்டின் முதல் சொல்லே, அதாவது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டே விடை.

வான் ஹெல்மொன்ட் என்பவர் 200 இறாத்தல் காய்ந்த மண்ணில் 5 இறாத்தல் வில்லோக் கன்று ஒன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 169 இறாத்தலுக்கு வந்துவிட்டது, மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ்தான். அவர் இறந்தபிறகு 1648இல் இது அச்சில் வந்தது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவுகட்டினார், இத்தனைக்கும் வாயுக்களை ஆராய்ந்த மனிதர்! அவர் எதைக் கவனிக்காமல் விட்டார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள், வகுப்பு தானாகவே காற்றுக்கு வந்து சேரும்.

அந்த 2 அவுன்சையும் லேசாக விட்டுவிட முடியாது, நைதரசன் போன்ற சத்துகளை மரம், பயிர் எல்லாம் மண்ணிலிருந்துதான் எடுக்கின்றன. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபிறகு வந்த காலபோகத்தில் வயல்கள் மஞ்சளடித்து நின்றதை எங்கள் பிள்ளைகள் வரம்பில் நின்று பார்த்தவர்கள். நைதரசன் போதாவிட்டால் நெல் தன் பழைய இலையில் இருப்பதை எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும், அதனால்தான் அடியிலை முதலில் மஞ்சளாகும். யூரியா எறிகிற தகப்பனுக்கு இந்த அடையாளம் தெரியும், மகனுக்கு நைதரசன் வட்டம் தெரியும், இரண்டும் ஒரே விசயம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

புத்தகத்தில் பரிசோதனையே இல்லை என்று சொல்லமாட்டேன். இலையில் மாப்பொருள் உண்டா என்று பார்க்க இருட்டில் வைத்த செடி, மதுசாரத்தில் அவித்த இலை, அயடீன் துளி எல்லாம் படிப்பிக்கத்தான் செய்கிறார்கள். இலை கருநீலமாகும் என்ற விடையையும் கையோடு கொடுத்துவிட்டால் பிறகு எவன் மினக்கெட்டுச் செய்து பார்ப்பான்?

பாடத்திட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பரீட்சையில் ஒரேயொரு வருடம் அந்தப் பாலை மரக் கேள்வியைப் போடட்டும், அடுத்த மாதமே எல்லா ரியூசன் கொட்டிலிலும் அதைப் படிப்பிப்பார்கள் (அதையும் பாடமாக்கத்தான் சொல்வார்கள், அது வேறு கதை). உங்கள் மாணவர் பக்கத்திலும் மாதிரி வினாத்தாளுக்குப் பதிலாகக் கிழமைக்கு ஒரு கேள்வியை விடை இல்லாமல் போட்டு, பிள்ளைகள் எழுதி அனுப்புவதைப் பிரசுரித்தால் என்ன?

இப்படிக்கு,
ஒரு வாசகர், மாங்குளம்