மாப்ள, நீ லாங் பிங் கதையைக் கேளு

டேய் மாப்ள,

நல்லா இருக்கியா? உன்னைய ஸ்கூல் பொண்ணுங்க வாலிபால் டீமுக்கு கோச்சா போட்டுட்டாங்கன்னு தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும், நீ வாயே திறக்கல பாரு. சந்தோஷம்டா. ஆனா முதல் மேட்ச்லயே தோத்துட்டு "அந்த பாலை நானா இருந்தா இறக்கியிருப்பேன்"னு வாய்ஸ் மெசேஜ்ல ஒரே பொலம்பல். அதைக் கேட்டதுல இருந்து எனக்கு சீனா வாலிபால் வீராங்கனை, அப்புறம் கோச்சாவும் ஆன லாங் பிங் நெனப்புதான்.

சீனாவுல அவங்களுக்கு 'இரும்புச் சுத்தியல்'னு பட்டப்பேரு, அடி அப்படி. 81ல வேர்ல்ட் கப், 82ல உலக சாம்பியன்ஷிப், 84ல லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ் ஃபைனல்ல அமெரிக்காவை அவங்க ஊர்லயே 3-0. இவ்ளோ அடிச்ச ஆளு கோச்சானா சைடுல உக்காந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு உனக்கு இப்ப புரியும். 96 அட்லாண்டால சீனாவுக்கு வெள்ளி வாங்கிக் குடுத்தாங்க. அப்புறம் 2008 பெய்ஜிங்ல பாரு, அமெரிக்கா பொண்ணுங்க டீமுக்கு கோச்! லீக் மேட்ச்ல சொந்த ஊர் கூட்டம் கத்திக்கிட்டு இருக்கு, சீனாவை 3-2ல தோக்கடிச்சாங்க. நானா இருந்தா அந்த மேட்சுக்கு வயித்து வலின்னு லீவு போட்டிருப்பேன். அமெரிக்கா அந்த தடவை வெள்ளி வரைக்கும் போச்சு.

2013ல மறுபடி சீனா டீமுக்கே வந்தாங்க. அந்த வருஷமே 94ல பொறந்த ஜு டிங்னு ஒரு பொண்ண சீனியர் டீம்ல எறக்கினாங்க, சின்னப் புள்ளைங்கள நம்புறதுல அவங்களுக்கு பயமே இல்ல. 2016 ரியோவுல லீக்ல அஞ்சுல மூணு மேட்ச் அவுட்டுடா! குரூப்ல நாலாவதா தொத்திக்கிட்டு க்வார்ட்டர் ஃபைனல் வந்தா எதிர்ல பிரேசில், அதுவும் அவங்க ஊர்ல, அதுக்கு முந்தின ரெண்டு ஒலிம்பிக்ஸ் தங்கமும் அவங்களுக்குத்தான், லீக்ல ஒரு செட் கூட விடல. முதல் செட் 15-25. நீயும் நானும் டிவிய ஆஃப் பண்ணிட்டு போயிருப்போம். கடைசி செட் 15-13ல சீனா ஜெயிச்சுது. ஃபைனல்ல செர்பியா, லீக்ல இவங்கள 3-0ன்னு தொவைச்ச டீம், அவங்களயே 3-1ல முடிச்சாங்க. கடைசி பாயின்ட்ட யூடியூப்ல போட்டுப் பாரு, செர்பியா சர்வீஸ எடுக்கத் தெரியாம பால் நெட் தாண்டி நேரா சீனா பக்கமே வந்துருச்சு, கேப்டன் ஹுயி ருவோச்சி அப்படியே இறக்கிட்டா. இதய ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்து ஆடின பொண்ணு அது. ஜு டிங்தான் அந்த ஒலிம்பிக்ஸோட பெஸ்ட் பிளேயர். வாலிபால்ல பிளேயராவும் கோச்சாவும் ஒலிம்பிக் தங்கம் வாங்கின முதல் ஆள் லாங் பிங்தான்.

அடுத்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல முதல் மூணு மேட்சும் போச்சு, ஜு டிங்குக்கு மணிக்கட்டுல அடி, சீனா லீக்கோடயே வெளிய. அதோட லாங் பிங் கோச் வேலைய விட்டுட்டாங்க.

நீ என்னடான்னா ஒரு மேட்ச் தோத்ததுக்கே ஷூவ மாட்டிக்கிட்டு உள்ள எறங்கப் பாக்குற. உன் ஸ்மாஷ அந்தப் புள்ளைங்க தலையில கட்டாத, அதுங்களுக்கு மொதல்ல ரிசீவ் ஒழுங்கா எடுக்க சொல்லிக்குடு. அந்த எட்டாங்கிளாஸ் பொண்ணு இடது கையால அடிக்குதுன்னு சொன்னியே, அத பெஞ்சுலயா உக்கார வச்ச? பதில் போடு. தங்கச்சிய கேட்டதா சொல்லு.