பள்ளி பேண்டுக்கு ஒரு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் ஆட்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதியவர், இடைவேளையில் மார்ச்சிங் பேண்டு, அதாவது மைதானத்தில் அணிவகுத்து நடந்தபடியே இசைக்கும் பள்ளி வாத்தியக் குழு, வாசிப்பதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டார். என் மகள் பள்ளிப் படிப்பு முடியும் வரை அந்த பேண்டில் கிளாரினெட் வாசித்தவள். மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

இந்த பேண்டுகளின் பூர்வீகம் ராணுவம். ஜான் ஃபிலிப் சூசா என்ற இசையமைப்பாளர் 1880 முதல் 1892 வரை அமெரிக்க மரைன் படையின் பேண்டை நடத்தினார். அப்புறம் சொந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்து, அந்த இசையைச் சாதாரண ஜனங்களிடம் கொண்டு சேர்த்தார். உடம்பைச் சுற்றி வளைந்து தலைக்கு மேல் வாய் விரித்து நிற்கும் சூசாஃபோன் என்ற ஊது வாத்தியம் அவர் பெயரைத் தாங்கியதுதான். முதல் உலகப் போர் முடிந்ததும் ராணுவ பேண்டுகளில் இருந்தவர்கள் பலர் பள்ளிகளில் இசை ஆசிரியர்கள் ஆனார்கள். வாத்தியம் செய்யும் கம்பெனிகளின் ஆதரவில் 1923இல் சிகாகோவில் முதல் தேசியப் பள்ளி பேண்டு போட்டி நடந்தது. ஜெயித்தது ஒஹையோ மாநிலத்தின் ஃபொஸ்டோரியா என்ற சிற்றூர்ப் பள்ளி. கம்பெனிகளுக்கு வியாபாரக் கணக்கு இருந்தது வாஸ்தவம். ஆனால் சின்ன ஊர்ப் பிள்ளைகள் கைக்கும் டிரம்பெட் வந்து சேர்ந்ததில் அந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் பள்ளிக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே கைத்தொழில் பாடம் நடத்திய மெக்காலிஸ்டர் என்ற ஆசிரியர் உருவாக்கிய பேண்டு, 1926, 1927, 1928 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேசியப் பரிசைத் தட்டிச் சென்றது.

இடைவேளையில் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு, பார்வையாளர் வரிசையிலிருந்து தெரியாது. பள்ளி திறப்பதற்கு முன்பே, கொளுத்தும் வெயிலில் பேண்டு முகாம் தொடங்கிவிடும். ஐந்து கெஜ தூரத்தைச் சரியாக எட்டு காலடியில் கடக்க வேண்டும். அதாவது ஒரு காலடிக்கு இருபத்திரண்டரை அங்குலம். கீழே பார்க்கக் கூடாது. முதலில் குதிகால் பதிய வேண்டும், பிறகு பாதம் மெதுவாக உருள வேண்டும். இடுப்புக்கு மேலே அசைந்தால் வாத்தியம் ஆடும், சுருதி பிசிறும். இதைப் புதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மேல் வகுப்பு மாணவர்கள்தான். முந்தின வருஷம் தான் கற்றதை அடுத்து வருபவனுக்குக் கற்றுக் கொடுப்பது அங்கே எழுதாத சட்டம். என் மகளும் அப்படித்தான் கற்றாள், பிறகு கற்றுக் கொடுத்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபுட்பால் அணியில் சீருடை போட்டுக்கொண்டு ஆட்டம் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நிறைய. பேண்டில் கூச்ச சுபாவக்காரன், குண்டுப் பையன், வேற்று நாட்டிலிருந்து போன மாதம் வந்து சேர்ந்தவள் என எல்லாரும் மைதானத்தில் இறங்குவார்கள். ஒருவர் வராவிட்டால் வரிசையில் ஓட்டை விழும். அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு "நீ இல்லாமல் முடியாது" என்று காட்டும் இடங்கள் அதிகம் இல்லை.

நம்மவர்கள் பலர் பதினொன்றாம் வகுப்பு வந்ததும், படிப்பு கெடும் என்று பிள்ளைகளை பேண்டிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. டெக்சாஸில் மார்ச்சிங் பேண்டை உடற்கல்விப் பாடத்துக்கு ஈடாகவே எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. நேரம் போகிறதே என்று தவிக்கும் பெற்றோர் பள்ளியில் ஒரு வார்த்தை விசாரிக்கலாம்.

கட்டுரையாளர் இந்தத் தொடரை மேலும் எழுதப்போவதாகக் குறிப்பிட்டிருந்தார். அடுத்த பகுதிக்கு பேண்டு ஆசிரியர் ஒருவரைப் பேட்டி காணச் சொல்லுங்கள். முடிந்தால், ஆகஸ்டில் ஒரு காலைப் பயிற்சியை நேரில் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டெக்சாஸ்