அக்காவுக்கு, டிசம்பருக்கு முன்னாடியே

அக்கா,

ஆப்பிரிக்காவுல ஜாம்பியா கிராமத்துல நான் பாக்குற பீஸ் கோர் வேலைக்கு, அதான் அமெரிக்க அரசு வெளிநாட்டுக்கு தன்னார்வலர்களை அனுப்புற திட்டம், மூணாவது வருஷத்துக்கும் கையெழுத்து போட்டுட்டேன். போன்ல சொல்லியிருக்கலாம், ஆனா நான் ஆரம்பிச்சதுமே "உன் இஷ்டம்"னு வச்சிடுவ, அதுக்கப்புறம் நான் சொல்ல வந்தது எதுவும் உன் காதுல ஏறாது. அதான் எழுதுறேன். நாலு பேர் படிக்கிற இடம், அதனால அம்மா உடம்பு பத்தியும் நான் கிளம்புற அன்னைக்கு மாமா சொன்னது பத்தியும் இங்க வேணாம். உனக்கே தெரியும்.

போன டிசம்பர் லீவை நினைச்சாலே எனக்கு கிச்சன்தான் ஞாபகத்துக்கு வருது. எல்லாரும் சாப்பிட்டுட்டு ஹால்ல இருந்தாங்க, நான் பெரிய டம்ளர் நிறைய தண்ணி வச்சு டாக்ஸிசைக்ளின் போட்டுட்டிருந்தேன், நீ பின்னாடி வந்து பாட்டிலை எடுத்து லேபிளைப் படிச்ச. "என்னடி இது, உடம்புக்கு என்ன?"ன்னு கேட்ட, குரல்ல அப்படி ஒரு பயம். ஒண்ணுமில்லக்கா, மலேரியா வராம இருக்கப் போடுறது, ஜாம்பியாவை விட்டு வந்தாலும் நாலு வாரம் விடாம போடணும், கொசு கடிச்சப்ப உள்ள போன கிருமி கொஞ்ச நாள் கல்லீரல்ல இருந்துட்டுதான் ரத்தத்துக்கு வரும், வர்ற நேரத்துல மருந்து ரத்தத்துல இருந்தாகணும்னு நான் பாட்டுக்கு சொல்லிட்டே போறேன், நீ மூடியைத் திருகுற, திறக்குற, மறுபடி திருகுற. கடைசில "அப்போ லீவு முழுக்க நீ அங்கதான் இருக்க"ன்னு சொல்லிட்டு பாட்டிலை வச்சிட்ட. அந்த மாத்திரை போட்ட உடனே படுக்கக் கூடாது, நெஞ்சு எரியும், கொஞ்ச நேரம் உக்காந்துதான் ஆகணும். அன்னையிலருந்து நான் ஃப்ளைட் ஏறுற வரைக்கும் தினமும் அந்த நேரத்துக்கு நீயும் எதிர்ல வந்து உக்காந்த. பேசல. துணி மடிச்ச. எனக்கு அது போதுமா இருந்துச்சு.

அப்படி உக்காந்த நீதான் எல்லார் முன்னாடியும் "இவ ஊருக்கு உழைக்கட்டும், வீட்டுக்கு நான் இருக்கேன்ல"ன்னு சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் அது ஆறல. முதல் டிசம்பருக்கு நான் வராதது என் திமிருன்னு சொந்தக்காரங்க பேசினப்போ, கிராமத்துக்குப் போன முதல் மூணு மாசம் பீஸ் கோர்ல லீவே கிடையாதுன்னு உனக்குத் தெரியும், மாசத்துக்கு ரெண்டு நாள்தான் சேரும்னும் தெரியும். நீ ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லல.

ஏன் இன்னும் ஒரு வருஷம்னு கேப்ப. பீஸ் கோர்ல வழக்கமா இருக்கிற காலம் 27 மாசம்னு கேட்டா நீளமாத்தான் தெரியும், அதுல முதல் மூணு மாசம் ட்ரெய்னிங்லயே போயிடும். மீதியில மீன் வளர்க்க மண்வெட்டியால குளம் வெட்டணும், கரை கசியாம களிமண் வச்சு இறுக்கணும், மூலையில சாணமும் இலைதழையும் போட்டு தண்ணியைப் பச்சையாக்கணும். முழங்கை வரைக்கும் கையை விட்டா விரல் நுனி தெரியக் கூடாது, அப்பதான் திலாப்பியா மீனுக்குத் தீனி இருக்குன்னு அர்த்தம். குஞ்சு விட்டா அறுவடைக்கு ஆறு மாசம் ஆகும். நான் தங்கியிருக்கிற வீட்டு அம்மாவோட முதல் குளம் கசிஞ்சு வத்திடுச்சு, அவங்க பேசாம வேற இடத்துல ரெண்டாவதை வெட்ட ஆரம்பிச்சிட்டாங்க. இங்க மக்காச்சோளம் டிசம்பர் ஜனவரியிலேயே தீர ஆரம்பிச்சிடும், புதுசு ஏப்ரல் வாக்குலதான் வரும், நடுவுல பல வீட்டுல ஒரு வேளைதான் சமைப்பாங்க. அந்த மாசத்துல விக்கவும் திங்கவும் குளத்துல மீன் இருந்தா எவ்வளவு பெரிய விஷயம்னு பக்கத்துல இருந்து பாத்துட்டேன்க்கா, இப்போ பாதியில மூட்டை கட்ட மனசு வரல.

உன்னைத் தனியா விட்டுட்டேன்னு தெரியாம இல்ல. மன்னிச்சிருன்னு எழுதிட்டு அழிச்சேன், ஏன்னா மறுபடி கேட்டாலும் இதேதான் செய்வேன், அப்புறம் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு. ஆனா நீ ராத்திரி தனியா உக்காந்து அம்மாவோட ஃபைலை அடுக்குறதை நினைச்சா எனக்குத் தூக்கம் வர்றதில்ல, அதையும் நம்பு. என்னை யாரும் போன்னு சொல்லல, உன்னை யாரும் இருன்னு சொல்லல, ரெண்டு பேரும் அவங்கவங்க பண்ணதுதான். இதுல நான் மட்டும் ஏன் எப்பவும் கணக்கு ஒப்பிக்கணும்?

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஒரு வருஷம் நீட்டிச்சா ஒரு மாசம் ஸ்பெஷல் லீவு, போக வர டிக்கெட்டும் அவங்களே குடுப்பாங்க. டிசம்பர்ல வர்றேன். அம்மாவுக்கு இருக்கிற அப்பாயின்ட்மெண்ட் எல்லாத்தையும் அந்த மாசத்துக்கே மாத்தி வை, கூட்டிட்டுப் போறது, மருந்து வாங்குறது, ராத்திரி முழிச்சிருக்கிறது எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ குறைஞ்சது ரெண்டு வாரம் எங்கயாவது போயிட்டு வா, எங்கன்னு எனக்குக் கூட சொல்ல வேணாம். "உனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு வீட்டுலயே நின்னுட்டேன்னா எனக்கு நிஜமாவே கோவம் வரும். எந்தெந்த தேதின்னு மட்டும் மெசேஜ் போடு, மிச்சத்தை நேர்ல சண்டை போட்டுக்கலாம்.