டவுன் பஸ்ஸுக்கு நேரம் போடும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சிவகங்கைப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கும் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். குறை சொல்லத்தான் எழுதுகிறேன், இருந்தாலும் முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆனபோது என் அப்பத்தா ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டு திரிந்தது. இன்றைக்கு அதற்கு 78 வயது. பஸ் இலவசம்தான், ஏறத்தான் முடியவில்லை.

முதல் படி அதன் முழங்காலுக்கும் மேலே இருக்கிறது. மஞ்சப்பையை முதலில் உள்ளே போடும், அப்புறம் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, முழங்காலைப் படியில் ஊன்றி, சின்னப் பிள்ளை திண்ணையில் ஏறுவது போல ஏறும். அந்த நேரத்திலும் சேலை மேலே ஏறிவிட்டதோ என்று ஒரு கை கீழே போகும், சரியாக அப்போதுதான் விசில் கேட்கும். ஒரு முறை மஞ்சப்பை மட்டும் டவுனுக்குப் போய்விட்டு வந்தது. கண்டக்டரை நான் திட்டவில்லை, ஏழே கால் வண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு வரும்போது அவரும் என்னதான் செய்வார்.

எங்கள் ஸ்டாப்பில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் ஊர்க்காரர்கள் இரண்டு கருங்கல்லைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். பழைய டிரைவர் ஒருவர் அந்தக் கல்லை ஒட்டியே வண்டியை நிறுத்துவார், கல்லிலிருந்து படிக்கு ஒரே எட்டு, அப்பத்தா யார் கையையும் பிடிக்காமல் ஏறிவிடும். அவர் வேறு ரூட்டுக்குப் போய்விட்டார். புதிதாக வருகிறவர்கள் பத்தடி தள்ளி நிறுத்துகிறார்கள், அவர்களுக்குக் கல் விஷயம் தெரியாது, சொல்லவும் ஆளில்லை. சென்னையில் தாழ்தளப் பேருந்து விட்டிருக்கிறீர்கள், எங்கள் ரோட்டில் அது தரை தட்டும் என்பீர்கள், சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஸ்டாப்பில் தரையை உயர்த்துங்கள். பெரிய பெரிய பெயர்ப்பலகையோடு நிழற்குடை கட்டுகிறார்களே, அதற்கு முன்னால் ஒரு அடி உயரத்துக்கு ஒரு சிமெண்ட் மேடை போட எவ்வளவு ஆகிவிடும்?

அடுத்தது நேரம். மக்களைத் தேடி மருத்துவம் வந்ததிலிருந்து சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது, அதில் குறையில்லை. கண் காட்டவும் ரத்தம் கொடுக்கவும் டவுனுக்குத்தான் போக வேண்டும். காலை வண்டியில் போய், சீட்டு எடுத்து, ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வாங்கி, மருந்து வரிசையில் நின்று வெளியே வர மதியம் பன்னிரண்டரை ஆகிவிடும். எங்கள் ஊருக்கான வண்டி டவுனிலிருந்து பத்தரைக்கே கிளம்பிப் போயிருக்கும். அடுத்தது மூன்றே முக்காலுக்கு. அதுவரை அப்பத்தா பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும், தண்ணீர்கூடக் குடிக்காது, குடித்தால் பாத்ரூம் தேட வேண்டுமே என்று. ஆட்டோவுக்கு 300 ரூபாய் கேட்கிறார்கள், அப்பத்தாவுக்கு வரும் முதியோர் பென்ஷனே மாதம் 1,200 ரூபாய்.

பத்தரை ட்ரிப்பில் பாதி வண்டி காலியாகத்தான் வருகிறது. அதை ஒரு மணிக்கு மாற்றுங்கள். புது வண்டி வேண்டாம், டீசலும் கூட ஆகாது.

பக்கத்து வீட்டுத் தாத்தா இதையும் எழுதச் சொன்னார்: சென்னையில் 60 தாண்டியவர்களுக்கு ஆண், பெண் பார்க்காமல் மாதம் பத்து டோக்கன் இலவசமாகக் கொடுக்கிறார்களாம், எங்கள் ஊர்க் கிழவன்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

வருகிற மாதம் அப்பத்தாவைக் கண் காட்டக் கூட்டிப் போக வேண்டும். மேடை அதற்குள் வராது என்று தெரியும். கல் அதே இடத்தில்தான் கிடக்கிறது, வேப்பமரத்துக்கு வடக்கே. டிரைவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.